வருஷா வருஷம் ‘நஷ்டம்’, விற்கும்போது பல கோடி டாலர்: சின்ன ஊர் என்.பி.ஏ. ஓனர்கள் உண்மையிலேயே பணத்தை இழக்கிறார்களா?

2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பையில் இரண்டு கூடைப்பந்து மேட்ச்கள் நடந்தன. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் இந்திய மண்ணில் ஆடிய முதல் ஆட்டங்கள் அவை. மோதியவை சாக்ரமெண்டோ கிங்ஸ், இண்டியானா பேசர்ஸ். இரண்டு நாளும் ஜெயித்தது பேசர்ஸ்.

லேக்கர்ஸ், நிக்ஸ் மாதிரி பெரிய பெயர்கள் வராமல் ஏன் இந்த இரண்டு டீம்கள்? ஒரு காரணம், கிங்ஸ் அணியின் ஓனர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். அதைவிட சுவாரசியமான ஒரு ஒற்றுமை இந்த இரண்டு டீம்களுக்கும் உண்டு. இரண்டுமே என்.பி.ஏ. பாஷையில் ‘ஸ்மால் மார்க்கெட்’, அதாவது சின்ன ஊர் டீம்கள். ‘எங்களுக்குக் கட்டுப்படி ஆகலை’ என்ற புலம்பல் இரண்டு ஊரிலும் பல வருஷம் கேட்ட ஒன்று.

ஆனால், அப்படிக் கட்டுப்படி ஆகாத கிங்ஸைத்தான் 2013-ல் ரணதிவே தலைமையிலான குழு 53.4 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. (ஒரு கோடி டாலர் என்றால் இன்றைய கணக்கில் 85 கோடி ரூபாய்க்கு மேல். மனசுக்குள்ளேயே பெருக்கிக்கொள்ளுங்கள்.) நஷ்டத்தில் ஓடும் கடையை யாராவது இவ்வளவு விலை கொடுத்து வாங்குவார்களா? வாங்கியவர்கள் ஏமாளிகளா? இல்லை, ‘நஷ்டம்’ என்ற வார்த்தைக்கு இங்கே வேறு அர்த்தம் இருக்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் கூடைப்பந்து ரசிகராக இருக்கத் தேவையில்லை. ஒரு சம்பள ஸ்லிப்பையும் ஒரு ஹோம் லோன் ஸ்டேட்மென்ட்டையும் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில், சின்ன மார்க்கெட் என்றால் என்ன?

என்.பி.ஏ.வில் 30 டீம்கள். ஒவ்வொரு டீமுக்கும் பணம் முக்கியமாக இரண்டு வழியில் வருகிறது.

ஒன்று, தேசிய அளவிலான வருமானம். நாடு முழுக்க ஒளிபரப்பும் டிவி ஒப்பந்தம்தான் இதில் பெரிய பங்கு. இந்தப் பணம் 30 டீம்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. சாம்பியனுக்கும் கடைசி இடத்துக்கும் ஒரே பங்குதான்.

இரண்டு, உள்ளூர் வருமானம். டிக்கெட், சொகுசு பாக்ஸ், உள்ளூர் விளம்பரதாரர்கள், உள்ளூர் டிவி சேனல் தரும் பணம். இங்கேதான் ஊரின் சைஸ் விளையாடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் டிவி பார்க்கும் வீடுகளும் மெம்ஃபிஸில் இருக்கும் வீடுகளும் ஒன்றா என்ன?

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். லீக்கின் ரகசிய நிதி ஆவணங்களை வைத்து ஈ.எஸ்.பி.என். 2017-ல் ஒரு செய்தி வெளியிட்டது. 2016-17 சீசனில் லேக்கர்ஸுக்கு உள்ளூர் ஊடக வருமானம் மட்டும் சுமார் 14.9 கோடி டாலர். மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸுக்கு 94 லட்சம் டாலர். பதினைந்து மடங்குக்கும் மேல்.

ஆனால் செலவு அந்த அளவுக்கு மாறுவதில்லை. வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதில் குறைந்தது 90 சதவீதத்தையாவது ஒவ்வொரு டீமும் செலவழித்தாக வேண்டும். ‘நாங்க சின்ன ஊரு, சம்பளத்தைப் பாதியாக் குறைச்சுக்கறோம்’ என்று சொல்ல முடியாது. வரவில் ஏழை, செலவில் நடுத்தரம். சின்ன ஊர் ஓனர்களின் புலம்பலில் நியாயம் இருப்பது இங்கேதான்.

2011: ‘30-ல் 22 டீம் நஷ்டம்’

இந்தப் புலம்பல் உலகத்துக்கே கேட்டது 2011-ல். வீரர்கள் சங்கத்துடனான ஒப்பந்தம் முடிந்தபோது, லீக் ஒரு கணக்கை மேஜையில் வைத்தது. முந்தைய சீசனில் 30-ல் 22 டீம்களுக்கு நஷ்டம், மொத்தமாக சுமார் 30 கோடி டாலர் போச்சு, இப்படியே போனால் தாங்காது என்றது. ஜூலை 1 அன்று ஓனர்கள் கதவை இழுத்துச் சாத்தினார்கள். ‘லாக்அவுட்’ என்பது அதுதான்: வேலைநிறுத்தத்துக்கு நேர் எதிர். நிறுத்தியது தொழிலாளி இல்லை, முதலாளி.

டிசம்பரில்தான் சமரசம். 82 ஆட்டங்கள் இருக்க வேண்டிய சீசன் 66 ஆட்டங்களாகச் சுருங்கி, கிறிஸ்துமஸ் அன்று தொடங்கியது.

சமரசத்தின் விலை என்ன? அதுவரை கூடைப்பந்து வருமானத்தில் 57 சதவீதம் வீரர்களுக்குப் போனது. புதிய ஒப்பந்தத்தில் அது சுமார் 50 ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் அந்த வருமானம் வருடத்துக்கு ஏறக்குறைய 380 கோடி டாலர். அதில் 7 சதவீதம் என்றால் 26 கோடிக்கு மேல். லீக் சொன்ன 30 கோடி நஷ்டத்துக்குப் பக்கத்தில் வருகிறது, கவனித்தீர்களா? ‘நஷ்டம்’ என்ற ஒரு வார்த்தை, வருஷத்துக்கு இருபத்தாறு கோடி டாலரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தியது.

அதனால்தான் அந்தக் கணக்கு சரியா என்ற கேள்வி முக்கியம். அதற்கும் முந்தைய 2009-10 சீசனில் சுமார் 34 கோடி டாலர் நஷ்டம் என்று லீக் சொன்னது. அதே சீசனுக்கு ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் மதிப்பீடு சுமார் 18 கோடி டாலர் லாபம். ஒரே லீக், ஒரே சீசன். ஒருவர் கணக்கில் மைனஸ், இன்னொருவர் கணக்கில் ப்ளஸ். இது எப்படி சாத்தியம்?

‘நஷ்டம்’ எங்கிருந்து வருகிறது?

பேஸ்பால் உலகில் ஒரு பழைய கதை உண்டு. டொரண்டோ ப்ளூ ஜேஸ் அணியின் நிர்வாகியாக இருந்த பால் பீஸ்டன், நாற்பது லட்சம் டாலர் லாபத்தை இருபது லட்சம் டாலர் நஷ்டமாகக் காட்ட முடியும், பெரிய ஆடிட்டர்கள் எல்லோரும் அதற்குத் தலையாட்டுவார்கள் என்ற பொருளில் சொன்னது பிரபலம். அதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. விதிகளுக்கு உட்பட்டே செய்யலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தேய்மானம்

ஆபீஸுக்கு லேப்டாப் வாங்கினால் கம்பெனி அதன் விலையைச் சில வருடங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதும். காரணம், லேப்டாப் பழசாகும், மதிப்பு குறையும். நியாயம்தான்.

அமெரிக்காவில் விளையாட்டு டீமுக்கும் இதைச் செய்யலாம். வீரர்கள் ‘தேய்கிறார்கள்’ என்ற வாதத்தை வரித்துறையிடம் ஜெயித்தவர் என்று பேஸ்பால் ஓனர் பில் வீக்கைச் சொல்வார்கள். 2004-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. டீமை வாங்கிய விலையை, கிட்டத்தட்ட முழுவதுமாக, 15 வருடங்களுக்குப் பிரித்து வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

உதாரணமாக, ஒரு டீமை 55 கோடி டாலருக்கு வாங்குகிறீர்கள். வருடத்துக்குச் சுமார் 3.7 கோடி தேய்மானம். அந்த வருடம் டீம் உண்மையிலேயே 2 கோடி டாலர் சம்பாதித்தது என்று வைத்துக்கொள்வோம். பணம் பேங்கில் இருக்கிறது. ஆனால் வரிக் கணக்கில்? 1.7 கோடி நஷ்டம். அந்த நஷ்டத்தை உங்கள் மற்ற தொழில் வருமானத்திலும் கழிக்க வழி இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், லேப்டாப்பின் மதிப்பு குறையும். டீமின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஏறுகிற பொருளுக்குத் தேய்மானம்!

இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பதை 2021-ல் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுத் தளம் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் பால்மர் 2014-ல் எல்.ஏ. கிளிப்பர்ஸை 200 கோடி டாலருக்கு வாங்கினார். அடுத்த சில வருடங்களில் அந்த டீம் வரிக் கணக்கில் காட்டிய நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். 2018-ல் பால்மர் கட்டிய வருமான வரி விகிதம் 12 சதவீதம். லெப்ரான் ஜேம்ஸ் கட்டியது 35.9 சதவீதம். அரங்கத்தில் உணவு விற்கும் ஒரு ஊழியர் கட்டியது 14.1 சதவீதம். அரங்கில் சாப்பாடு விற்பவரைவிட டீம் ஓனர் குறைந்த விகிதத்தில் வரி கட்டினார். எல்லாம் சட்டப்படியே.

இரண்டு விஷயங்களை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். டீமை விற்கும்போது இப்படிக் கழித்த தொகைக்கும் சேர்த்து வரி வரும். அதாவது பெரும்பாலும் இது தள்ளிப்போடுதல்தான். ஆனால் பல வருடம் வட்டியில்லாமல் தள்ளிப்போடுவது லேசான சலுகை இல்லை. இன்னொன்று, 2011-ல் சொன்ன நஷ்டக் கணக்கில் டீமை வாங்கிய விலையின் தேய்மானத்தைச் சேர்க்கவில்லை என்று லீக் மறுத்தது. ஆக, அந்த 30 கோடியை இந்த ஒரு காரணத்தால் மட்டும் தள்ளிவிட முடியாது.

2. வட்டி

வீரர்கள் சங்கம் 2011-ல் கைவைத்த இடங்களில் இதுவும் ஒன்று. பல ஓனர்கள் கடன் வாங்கித்தான் டீமை வாங்குகிறார்கள். அந்தக் கடனுக்கான வட்டி டீமின் செலவாக எழுதப்படலாம். இதில் கூடைப்பந்துக்கு என்ன சம்பந்தம்? அதே டீமை ரொக்கம் கொடுத்து வாங்கிய ஓனருக்கு இந்தச் செலவே கிடையாது. நீங்கள் சொத்து வாங்கிய இ.எம்.ஐ.யை என் சம்பளத்தில் ஏன் பிடிக்கிறீர்கள் என்பதுதான் வீரர்கள் தரப்பு வாதத்தின் சாரம்.

3. இன்னொரு பாக்கெட்

டீம் ஒரு கம்பெனி. அரங்கம் இன்னொரு கம்பெனி. அரங்கத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல், மால், பார்க்கிங் வேறொரு கம்பெனி. எல்லாவற்றிலும் ஓனர் ஒருவரே என்றால், லாபம் எந்தப் பாக்கெட்டில் விழ வேண்டும் என்பது ஓரளவுக்கு அவர் கையில்தான் இருக்கிறது. மில்வாக்கி பக்ஸ் அணியின் அரங்கத்தைச் சுற்றி ‘டீர் டிஸ்ட்ரிக்ட்’ என்று ஒரு பேட்டையே உருவானது. சாக்ரமெண்டோவிலும் புதிய அரங்கத்தோடு சேர்ந்தே கடைவீதி எழுந்தது. டீம் இல்லாவிட்டால் அந்த நிலத்துக்கு அந்த மதிப்பு வந்திருக்காது. ஆனால் டீமின் வரவு செலவு அறிக்கையில் அந்த வரி இருக்காது.

4. தானாகத் தேடிக்கொண்ட நஷ்டம்

சம்பள வரம்பைத் தாண்டி ஒரு எல்லைக்கு மேல் செலவழித்தால் ‘லக்ஷரி டாக்ஸ்’ என்று லீக் அபராதம் போடும். 2013-14-ல் ப்ரூக்ளின் நெட்ஸ் சுமார் 14.4 கோடி டாலர் நஷ்டப்பட்டது. அதில் 9 கோடி இந்த அபராதம்தான். நெட்ஸ் இருப்பது நியூயார்க்கில், அமெரிக்காவின் மிகப் பெரிய மார்க்கெட்டில்! அன்றைய ஓனர், ரஷ்ய கோடீஸ்வரர் மிகைல் ப்ரோகரோவ், சாம்பியன் ஆக ஆசைப்பட்டுக் கொட்டிய பணம் அது. ஊர் சின்னதாக இருப்பதால் வரும் நஷ்டம் வேறு, ஓனரின் ஆசையால் வரும் நஷ்டம் வேறு. அறிக்கையில் இரண்டும் ஒரே கலரில்தான் தெரியும்.

அப்போ நஷ்டம் என்பதே டூப்பா?

இல்லை. அவசரப்பட வேண்டாம்.

அதே ஈ.எஸ்.பி.என். செய்தியின்படி, 2016-17-ல் 14 டீம்கள் நஷ்டத்தில் இருந்தன. பணக்கார டீம்கள் ஏழை டீம்களுக்குக் கொடுக்கும் வருமானப் பகிர்வுக்குப் பிறகும் 9 டீம்கள் மைனஸில்தான் நின்றன. புதிய டிவி ஒப்பந்தத்தில் பணம் கொட்டத் தொடங்கிய சீசனில் இது நடந்தது.

கொரோனா காலத்தில் காலி அரங்கங்களில் ஆடியபோது எல்லா டீம்களின் டிக்கெட் வருமானமும் காணாமல் போனது. அது கையைவிட்டுப் போன நிஜப் பணம். 2023 மார்ச்சில் டயமண்ட் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. லீக்கின் சுமார் பாதி டீம்களின் உள்ளூர் ஒளிபரப்பு அதன் கையில் இருந்தது. லேக்கர்ஸ் மாதிரி சொந்த பலம் உள்ள டீமுக்கு இது தூரத்து இடி. சின்ன ஊர் டீமுக்கு வீட்டுக்கூரை மேல் விழுந்த இடி.

சில வருடங்களில் பங்குதாரர்கள் கூடுதல் பணம் போட்டுத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்ற நிலை வருவதும் உண்மை. ஆக, ‘வருஷக் கணக்கில் நஷ்டம் வருமா?’ என்றால், வரும். சின்ன ஊருக்கு அடிக்கடி வரும். கேள்வி அதோடு முடிந்துவிடுகிறதா என்பதுதான் விஷயம்.

விற்கும்போது என்ன ஆகிறது?

ஒரு ஃப்ளாட் வாங்குகிறீர்கள். இ.எம்.ஐ. 60,000. வாடகை வருவது 25,000. மாசா மாசம் 35,000 கையை விட்டுப் போகிறது. நண்பர்களிடம் ‘செம நஷ்டம்டா’ என்கிறீர்கள். பொய் இல்லை. பத்து வருடம் கழித்து அந்த ஃப்ளாட் மூன்று மடங்குக்குப் போகிறது. அப்போது யாராவது உங்களைப் பார்த்து ‘பாவம், நஷ்டப்பட்டவர்’ என்பார்களா?

இப்போது சின்ன ஊர் டீம்களின் கணக்கு:

• மில்வாக்கி பக்ஸ்: ஹெர்ப் கோல் 1985-ல் வாங்கியது 1.8 கோடி டாலருக்கு. 2014-ல் விற்றது 55 கோடிக்கு. 2023-ல் அதில் கால் பங்கு கைமாறியபோது மொத்த மதிப்பு 350 கோடி.

• யூட்டா ஜாஸ்: கார் வியாபாரி லாரி மில்லர் 1985, 86-ல் இரண்டு தவணையாக மொத்தம் 2.2 கோடி டாலருக்கு வாங்கினார். 2020-ல் அவர் குடும்பம் அரங்கத்தோடு சேர்த்து சுமார் 166 கோடிக்கு விற்றது.

• மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ்: க்ளென் டெய்லர் 1994-ல் சுமார் 8.8 கோடிக்கு வாங்கினார். 2025-ல் முடிந்த விற்பனையில் விலை 150 கோடி.

• மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ்: டீம் வான்கூவரில் இருந்தபோது, 2000-ல், மைக்கேல் ஹெய்ஸ்லி கொடுத்தது 16 கோடி. 2012-ல் விற்றது 37.7 கோடி.

மில்வாக்கியை மட்டும் எடுத்து ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கோல் 29 வருடமும், ஒரு வருஷம் விடாமல், ஒரு கோடி டாலர் நஷ்டப்பட்டார் என்றே வையுங்கள். மொத்தம் 29 கோடி. வாங்கிய விலையையும் சேர்த்தால் 31 கோடிக்குக் கொஞ்சம் கீழே. விற்றது 55 கோடி. அப்படியும் 24 கோடி மிச்சம்! (புதிய அரங்கம் கட்ட அதிலிருந்து 10 கோடி டாலரை அவர் ஊருக்கே கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா ஓனரும் ஒரே ரகம் இல்லை.)

‘விற்றால்தானே பணம்? அதுவரை அது வெறும் நம்பர்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கம்பெனி தந்த பங்குகளை விற்க முடியாமல் வைத்திருந்தால் இந்த வலி உங்களுக்கே தெரியும். ஆனால் டீம் ஓனருக்கு வழிகள் அதிகம். டீமை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கலாம். கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பங்கை மட்டும் விற்கலாம். முதலீட்டு நிதி நிறுவனங்கள் அந்தப் பங்குகளை வாங்க லீக் இப்போது அனுமதிக்கிறது. கிங்ஸிலேயே அப்படி ஒரு நிறுவனம் பங்கு வாங்கியிருக்கிறது.

உண்மையிலேயே கையைச் சுட்டுக்கொண்டவர்

யாருமே நஷ்டப்படவில்லையா? ஒருவர் இருக்கிறார். பி.இ.டி. தொலைக்காட்சியை நிறுவிய ராபர்ட் ஜான்சன். சார்லட் நகருக்குப் புது டீம் கொண்டுவர லீக்குக்கு அவர் ஒப்புக்கொண்ட கட்டணம் 30 கோடி டாலர். 2004-ல் டீம் ஆடத் தொடங்கியது. ரசிகர்கள் வரவில்லை, வெற்றியும் வரவில்லை. 2008 பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. 2010-ல் கடனையும் சேர்த்து சுமார் 27.5 கோடி மதிப்பில் விற்றுவிட்டு வெளியேறினார். வருடாந்திர நஷ்டம், விற்பனையிலும் நஷ்டம். ரெண்டு பக்கமும் அடி.

வாங்கியவர் யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டன். அதே ஊர், அதே டீம், அதே சின்ன மார்க்கெட். ஜோர்டன் காலத்திலும் அந்த டீம் பெரிதாக எதையும் ஜெயிக்கவில்லை. 2023-ல் அவர் பெரும்பான்மைப் பங்கை விற்றபோது டீமின் மதிப்பு சுமார் 300 கோடி டாலர். பத்து மடங்குக்கும் மேல்.

ஜான்சனுக்கும் ஜோர்டனுக்கும் நடுவில் ஊர் பெரிதாகிவிடவில்லை. மாறியது லீக்கின் டிவி பணம். 2016 வரை இருந்த தேசிய டிவி ஒப்பந்தம் வருடத்துக்கு 93 கோடி டாலர். அடுத்தது 9 வருடத்துக்கு 2,400 கோடி. 2024-ல் கையெழுத்தாகி 2025-26-ல் தொடங்கிய புதிய ஒப்பந்தம், 11 வருடத்துக்குச் சுமார் 7,600 கோடி. ஒரு டீமின் பங்கை வகுத்துப் பாருங்கள்: முதலில் வருடத்துக்கு 3 கோடி சொச்சம், பிறகு ஏறக்குறைய 9 கோடி, இனி சராசரியாக 20 கோடிக்கு மேல். ஆரம்ப வருடங்களில் கொஞ்சம் குறைவாக இருக்கும், போகப் போக ஏறும். பாதி வீரர்களுக்குப் போனாலும் மிச்சம், மெம்ஃபிஸ் எவ்வளவு சின்ன ஊர் என்று பார்ப்பதில்லை. சமமாகவே வரும்.

சரி, இதில் நமக்கு என்ன? பில் யாருக்குப் போகிறது?

கோடீஸ்வரர்கள் லாபமோ நஷ்டமோ பார்த்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று விட முடியாததற்குக் காரணம், ‘நஷ்டம்’ என்ற வார்த்தைக்கு ஒரு பில் உண்டு. அது பெரும்பாலும் வேறு யார் பேரிலாவது வரும்.

வீரர்கள் கட்டியதைப் பார்த்தோம்: 57-லிருந்து 50.

அடுத்து, ஊர் மக்கள். மும்பைக்கு வந்த அதே பேசர்ஸ். சைமன் சகோதரர்கள் 1983-ல் சுமார் 1.1 கோடி டாலருக்கு வாங்கிய டீம். நஷ்டத்தைக் காரணம் காட்டிப் பேச்சு நடத்தியபின், 2010-ல் இண்டியானாபொலிஸின் அரசு அமைப்பு ஒன்று, அரங்கத்தை நடத்தும் செலவுக்காக மூன்று வருடங்களில் 3 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. சாக்ரமெண்டோவில் கிங்ஸ் வேறு ஊருக்குப் போய்விடாமல் இருக்க, 2016-ல் திறந்த புதிய அரங்கத்துக்கு ஊர்ப் பணம் சுமார் 25 கோடி. மில்வாக்கி அரங்கத்துக்கும் பொதுப் பணம் 25 கோடி.

கொடுக்க மறுத்தால்? சியாட்டில் மக்களைக் கேளுங்கள். ஸ்டார்பக்ஸின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2001-ல் சூப்பர்சோனிக்ஸ் அணியை 20 கோடி டாலருக்கு வாங்கினார். டீம் நஷ்டத்தில் ஓடுகிறது, அரங்கத்தைப் புதுப்பிக்க அரசு பணம் தர வேண்டும் என்றார். கிடைக்கவில்லை. 2006-ல் 35 கோடிக்கு விற்றார். வாங்கியவர்கள் ஓக்லஹோமா சிட்டிக்காரர்கள். 2008-ல் டீமையே தூக்கிக்கொண்டு போனார்கள். 41 வருடம் ஆடிய ஊரில் டீம் இல்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஓக்லஹோமா சிட்டி சியாட்டிலைவிட மிகச் சின்ன மார்க்கெட். சின்ன ஊர் என்றாலே நஷ்டம் என்றால், பெரிய ஊரை விட்டுவிட்டு ஏன் அங்கே போக வேண்டும்? 2001-ல் வான்கூவரை விட்டு மெம்ஃபிஸுக்கு ஏன் போக வேண்டும்? பதில் எளிது. அந்த ஊர்கள் அரங்கத்துக்குப் பணம் தர முன்வந்தன. ஊரின் சைஸைவிட, ஊரோடு போடும் ஒப்பந்தம் முக்கியமாகிவிட்டது.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டி மக்கள் ஓட்டுப் போட்டு, ஆறு வருடத்துக்கு ஒரு சதவீத விற்பனை வரியை ஏற்றுக்கொண்டார்கள். கட்டப்போகும் அரங்கம் குறைந்தது 90 கோடி டாலர். டீம் தருவது 5 கோடி. ஆதரித்தவர்கள் 71 சதவீதம். யாரும் துப்பாக்கியைக் காட்டி வாங்கவில்லை. டீமின் மேல் இருக்கும் பாசம் நிஜம். அந்தப் பாசத்தைத்தான் பேரத்தில் எடை போடுகிறார்கள்.

மூன்றாவதாக, ரசிகர்கள். 2012-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் இறுதிப் போட்டி வரை வந்தது. கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் என்று மூன்று இளம் வீரர்கள். அந்த அக்டோபரில், சம்பளமும் லக்ஷரி டாக்ஸும் எகிறிவிடும் என்ற கணக்கில் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். 2018-ல் லீக்கின் சிறந்த வீரர் விருதை ஹார்டன் ஹூஸ்டனுக்காக வாங்கினார். தண்டர் ரசிகர்கள் சாம்பியன் கோப்பையைப் பார்க்க 2025 வரை காத்திருந்தார்கள். அந்த இறுதிப் போட்டியில் எதிரணி யார்? பேசர்ஸ். சின்ன ஊர் இரண்டு, கடைசி ஆட்டம் வரை.

அப்போ முடிவு என்ன?

சின்ன ஊர் ஓனர்கள் சில வருடங்களில் உண்மையிலேயே பணத்தை இழக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் தொகையில் எவ்வளவு கையை விட்டுப் போன ரொக்கம், எவ்வளவு வட்டி, எவ்வளவு தேய்மானம், எவ்வளவு சொந்த ஆசை என்று பிரித்துப் பார்க்காமல் ஏற்க முடியாது. அப்படிப் பிரித்தபின் மிஞ்சும் நிஜ நஷ்டத்தையும், டீமை வைத்திருந்த மொத்தக் காலத்தோடு சேர்த்துப் பார்த்தால், கடந்த முப்பது நாற்பது வருடங்களில் ஜான்சன் மாதிரி தோற்று வெளியேறியவர்கள் அபூர்வம். டீம் மதிப்பு இதே வேகத்தில் ஏறும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. டிவி பணம் ஒருநாள் நின்றால் கதை மாறலாம். இதுவரை நின்றதில்லை.

இந்தக் கணக்கு இங்கேயும் வரும். ஐ.பி.எல். 2008-ல் தொடங்கியபோது ஏலத்தில் போன டீம்களில் விலை உயர்ந்த மும்பை இந்தியன்ஸே சுமார் 11 கோடி டாலர்தான். 2021-ல் லக்னோ டீம் மட்டும் 7,090 கோடி ரூபாய்க்குப் போனது. அங்கேயும் மையப் பணம் டிவியிலிருந்துதான். நாளைக்கு ஏதாவது ஒரு ஓனர், ஐ.பி.எல்.லோ வேறு லீக்கோ, ‘நஷ்டத்தில்தான் ஓட்டுகிறோம்’ என்று பேட்டி கொடுத்தால், நீங்கள் கேட்க வேண்டியது நான்கே கேள்வி:

• போனது ரொக்கமா, இல்லை ஏட்டில் எழுதிய தேய்மானமும் வட்டியுமா?

• அரங்கம், நிலம், சேனல் என்று வேறு பாக்கெட்டில் விழும் பணம் கணக்கில் இருக்கிறதா?

• வாங்கிய விலை என்ன, இன்று விற்றால் என்ன கிடைக்கும்?

• இந்தப் பேச்சு இப்போது ஏன் வருகிறது? யாரிடமாவது எதையாவது கேட்கப் போகிறார்களா?

பெரும்பாலும் அந்த நான்காவது கேள்விக்கான பதில் தெரிந்தாலே, மற்ற மூன்றையும் ஏன் கேட்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.